துணைக்கு ஒரு சைக்கிள்

"இந்த இடம் வேண்டாங்க. எனக்குத் தலை வலிக்குது," என்று சைக்கிளை விட்டு இறங்கினாள் அவள்.

தலைவலியாவது ஒன்றாவது. தபால் அலுவலகக் கவுன்ட்டரில் இருபது வருடமாக முத்திரை குத்தும் சத்தத்தைக் கேட்டுப் பழகிய தலை அது, லேசில் வலிக்காது. ஆனால் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கவைக்கும் அந்த உடற்பயிற்சி ஸ்டுடியோவில் ஒரே இருட்டு. கலர் விளக்குகள் சுழல, பாட்டு காதைப் பிளக்க, பயிற்சியாளர் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு தன் சைக்கிளை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் மயங்கி விழுந்தால்கூட, பாட்டு முடிந்து விளக்குப் போட்ட பிறகுதான் யாருக்கும் தெரியும். அவள் பயம் அதுதான்.

போன வாரம் இருவரும் சேர்ந்துபோய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். மறுநாள் டாக்டர் அவள் அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டார். அவள் கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறதாம். வாரம் மூன்று நாள் நன்றாக வியர்த்தால் பின்வாங்கிவிடும், இல்லையென்றால் ஆயுசுக்கும் மாத்திரைதானாம். முட்டிக்கு நோகாமல் வியர்க்க வேண்டுமானால், அறைக்குள்ளேயே ஓட்டும் சைக்கிள் வகுப்புதான் தோது என்றார்.

"ஆனா அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. உங்களுக்கு ஆசைன்னு சொல்லி, துணைக்குக் கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் சொன்னதும் நியாயம்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல் வந்தாலே உயில் எழுத உட்காருகிற ஆசாமி. சர்க்கரை என்று காதில் விழுந்தால் போதும், இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்.

அன்று சாயங்காலமே அவள் பேச்சை எடுத்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பெருத்துவிட்டது, சைக்கிள் வகுப்பில் சேரலாம் என்றிருக்கிறேன், தனியாகப் போகத்தான் கூச்சமாக இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினாள். ஆயிரம் கேள்வி கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அவரோ, "அதுக்கென்ன, நானும் வரேன்," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டாவது ஸ்டுடியோ பளபளவென்று கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அங்கே பெடலோடு காலைப் பூட்டிக்கொள்ளும் ஷூதான் போட வேண்டுமாம். வரவேற்பில் இருந்தவரைக் கணவர் பிடித்துக்கொண்டார். அவசரத்துக்குக் காலை எப்படி எடுப்பது, ஜன்னல் ஏன் இல்லை, முதலுதவி தெரிந்தவர் யார் என்று துருவித் துருவிக் கேட்டார். பூதக்கண்ணாடி இல்லாத குறைதான். பதில் சொல்லி மாளாமல் அந்த ஆள் உள்ளே போய்விட்டார்.

"முதல் நாளே காலைப் பூட்டி வைக்கிற இடம் நமக்குச் சரிப்படாது, வா," என்று கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். தன் உயிர் என்றால் மனிதருக்கு வெல்லம்தான் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மூன்றாவது, ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. பன்னிரண்டே சைக்கிள்கள், அகலமான ஜன்னல்கள், நல்ல காற்று. நடத்துகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முட்டிவலி, முதுகுவலி உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொருவரையும் சைக்கிள் பக்கத்தில் நிற்கவைத்து, இடுப்பெலும்பு மட்டத்துக்கு சீட்டை ஏற்றினாள். பெடல் அடியில் போகும்போது முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். முதல் வாரம் யாரையும் பார்த்துப் போட்டி போடக் கூடாது, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் போதும் என்றாள். வகுப்பு முழுக்கத் தன் சைக்கிளில் ஏறவே இல்லை, ஒவ்வொருவர் பக்கத்திலும் நடந்துகொண்டே இருந்தாள்.

அரை மணி நேரத்தில் கணவரின் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அந்த ஈரத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இங்கேயே சேர்ந்துவிடலாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் குளிக்கும் அறைக்குள் போனதும் அவள் அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்தாள்.

"அவரைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா. இந்த வகுப்பு எனக்காக இல்ல, அவருக்காகத்தான். சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு மருந்துக்கடை மாடியில இருக்கிற டாக்டர் சொல்லிட்டார். அவருக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவார். அவருக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது."

அந்தப் பெண் அவள் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஷூ மாட்டிக்கப் போனப்போ அவரும் வந்து இதையேதான் சொன்னார் அக்கா. சர்க்கரை உங்களுக்காம், அவர் சும்மா துணைக்காம். உங்ககிட்ட சொன்னா, 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு தட்டிவிட்டுட்டு வீட்டிலேயே இருந்துடுவீங்களாம்."

அவள் சட்டென்று கையை உருவிக்கொண்டாள். "அவருக்கு யாரும்மா அப்படிச் சொன்னது?"

"அதே மருந்துக்கடை மாடி டாக்டர்தான். இந்த மாசம் இப்படி ஒருத்தருக்கொருத்தர் துணைக்குன்னு அவர் கிளப்பிவிட்டு, இங்க வந்து சேர்ந்த நாலாவது ஜோடி நீங்க."