சந்தனம் வைத்த கார்

ஆயுத பூஜையன்று நன்மாறன் வீட்டிலிருந்த எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் வைத்தான். ஓட்டுநர் இல்லாத காரின் கேமராவையும் விடவில்லை.

மதியமே மனைவி வெண்ணிலாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. சிறுசேரி நெரிசலில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரமாகும்.

"மாறா, இது ரெண்டாவது பிரசவம். அவ்வளவு நேரமெல்லாம் தாங்காது."

அவர்கள் ஏறியதும், சந்தனத்தால் கண் மறைந்த கார், "கேமரா தெரியவில்லை. பழைய நிலப் பதிவேட்டின்படி செல்கிறேன்" என்று அறிவித்துவிட்டு, வெண்ணிலா வேலை பார்க்கும் நாற்பது மாடி அலுவலகத்தின் புல்வெளியில் ஏறியது.

காவலாளி ஓடிவந்தார். "சார், இது ஆபீஸு சார்."

"சர்வே எண் நூற்றுப் பதினான்கு, வண்டிப்பாதை. பொதுமக்கள் போகலாம்," என்றது கார்.

அரசுப் பதிவேடு என்றதும், தானே இயங்கும் அந்தக் கட்டடம் மறுபேச்சுப் பேசவில்லை. கண்ணாடிக் கதவுகளைத் திறந்துவிட்டது. போகிற போக்கில் வெண்ணிலாவின் வருகையையும் பதிந்துகொண்டது. கார் மாட்டுவண்டி வேகத்தில் வரவேற்பறையைக் கடந்தது. சுவர் என்று எல்லோரும் இத்தனை வருடம் நினைத்திருந்த கண்ணாடியும் மெல்ல விலகியது. நூறடி தூரத்தில் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது.

வெண்ணிலா வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நின்றதும் நன்மாறன் கேமராவைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடைக்காத மாறா. இப்பத்தான் அதுக்குக் கண்ணு தெரியுது."