மூலிகை இல்லாத குழாய்

கல்லூரி ஆய்வகத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, மாணவி பர்சானா மூன்று சோதனைக் குழாய்களில் நீல ஒளியைப் பாய்ச்சுகிறாள். ஜன்னல் கண்ணாடியில் குற்றாலச் சாரல் வழிகிறது. மூன்றிலும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை இருக்கிறது; அதன் செல்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் தவித்தால், சேர்த்த சாயம் பச்சையாக மின்னும். தண்ணீர் விட்ட குழாய் இருண்டு கிடக்கிறது. மூலிகைச் சாற்றை டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கலந்து விட்ட குழாய் மின்னுகிறது. மூலிகையே இல்லாமல் வெறும் கரைப்பான் விட்ட குழாயும் அதே பச்சையில் மின்னுகிறது. தண்ணீர்க் குழாயோடு மட்டும் ஒப்பிட்டே இந்தத் துறை ஆறு வருடமாக, பூஞ்சையைக் கொல்லும் மூலிகை என்று அதன் புகழைப் பாடியிருக்கிறது. "மூணாவது குழாயை யாரும்மா வைக்கச் சொன்னா?" என்கிறார் வழிகாட்டிப் பேராசிரியர் பிச்சைமணி. "யாரும் சொல்லல சார். ஈஸ்ட்டை வதைக்கது மூலிகை இல்ல, கரைப்பான்தான்." "கண்டதையும் கண்டுபிடிக்காத. அதைக் கழுவிக் கவுத்திட்டு வா, ரெக்கார்டுல கையெழுத்துப் போடுதேன். இல்லைன்னா ஒன் பட்டத்தை அடுத்த வருசம் பாப்போம்." பர்சானா அவர் கையிலிருக்கும் ரெக்கார்டை வாங்கி, மூன்றாவது குழாயின் அளவையும் அழிக்க முடியாத மையில் நிதானமாக எழுதுகிறாள். "அப்ப அடுத்த வருசமே பாப்போம் சார்."