சிம்மாசனத்தில் ஒரு வளைகாப்பு

12-9-2141

அன்புள்ள கயலக்காவுக்கு,

என் வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. நீ வர முடியாததால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பழைய பேரரசரின் அரண்மனையை இப்போது விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கேதான் வைத்தோம். அம்மா மனைப்பலகையை மறந்துவிட்டாள். "அதான் பெரிய நாற்காலி சும்மா கெடக்குதே" என்று என்னைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்து, மாலை போட்டு, அட்சதை தூவினார்கள்.

அதை முடிசூட்டு விழா என்று எடுத்துக்கொண்ட அந்த இயந்திர அரண்மனை உடனே முரசு கொட்டியது. "புதிய பேரரசி வாழ்க! முதல் கட்டளை பிறக்கும்வரை யாரும் வெளியேறக் கூடாது" என்றது. கதவுகள் மூடிக்கொண்டன.

"ஐயோ, தெறக்கச் சொல்லுடி!" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிரசவத்துக்கு இவரும் என்னோடு நம் வீட்டுக்கு வரவேண்டும் என்று மூன்று மாதமாக அத்தையிடம் கெஞ்சினேன். "நம்ம வழக்கத்துல இல்ல" என்றே சொல்லிவந்தார்.

"குழந்தை பிறக்கும்வரை என் கணவர் என்னுடனேயே இருக்க வேண்டும்" என்றேன்.

"மறுப்பவர் உண்டா?" என்றது அரண்மனை. சுவரோரம் ஈட்டி பிடித்து நின்ற இருபது இரும்புக் காவலர்களும் அத்தை பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் என்னையே பாக்குறாங்க? போகட்டும், நான் வேணாங்கல. ஆனா சம்பந்திக்குப் பாரமா இருக்கக் கூடாது. அவன் துணிய அவனே தொவைக்கணும். அதையும் சேத்துச் சொல்லு தாயி!"

சொன்னேன். கதவு திறந்தது.

இதை எழுதும்போது இவர் நம் வீட்டுக் கொல்லையில் துவைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இரண்டு காவலர்கள் ஈட்டியோடு நிற்கிறார்கள்.

அன்புத் தங்கை,
முல்லைக்கொடி