கேரியரில் இடம்

மாடிப்படிக்கு அடியில் சைக்கிள் நிற்கிறது. எதிர்ச்சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து அதன் கேரியரில் விழுகிறது. கணவர் அதிலிருந்த பூப்போட்ட குஷனைக் கழற்றுகிறார். மனைவி தான் உட்காருவதற்காகத் தானே தைத்தது. "சைக்கிளுக்கு மோட்டார் மட்டும் வந்துடட்டும், உன்னையும் வச்சு மூச்சு வாங்காம மேடு ஏறிடுவேன்" என்று அவர் சொல்லித்தான் அவளும் தலையாட்டினாள். கறுப்புச் செங்கல் மாதிரி இருக்கும் மோட்டாரின் பேட்டரி கேரியரை முழுக்க அடைத்துக்கொள்கிறது. ஆட்டிப் பார்க்கிறார், கடகடக்கிறது. குஷனைக் கத்தரித்து அடியில் கொடுக்கிறார்; சத்தம் அடங்குகிறது. "பாத்தியா, என்னமா பொருந்துது!" அவள் கீழே குந்தி, நட்டு சுற்றாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "அப்ப நான் எங்க உக்கார்றது?" "நீயா?" போல்ட்டைத் திருகிக்கொண்டே சொல்கிறார், "உனக்குத்தான் பஸ் இருக்கே." ஸ்பேனர் நழுவுகிறது. மறுபடி நட்டைக் கவ்விப் பிடிக்கிறாள். அவள் கண்ணுக்கு நேரே, பேட்டரிக்கு அடியிலிருந்து பாதிப் பூ ஒன்று நசுங்கி எட்டிப் பார்க்கிறது. "போதுமா?" என்கிறார். "இன்னும் இறுக்குங்க," என்கிறாள். "இது உங்களையாவது நடுத்தெருவுல விடாம இருக்கட்டும்."