மூன்று குழிகள்

நாலடி ஆழத்தில் கடப்பாரை ஒரு செங்கல் துண்டில் இடித்தது.

குழிக்குள் நின்றவன் குனிந்து அதை எடுத்து வெளியே போட்டான். மண் பரிசோதனை அவன் தொழில். சரிவான நிலங்களில் குழி தோண்டிப் பார்த்து, இங்கே வீடு நிற்கும், இங்கே நிற்காது என்று எழுதிக் கொடுத்தே இருபது வருடம் ஓட்டிவிட்டான். தோண்டுவதற்கு எப்போதும் ஆட்கள் உண்டு. இன்றைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. தொப்பையைச் சுமந்துகொண்டு தானே தோண்டினான், மூச்சு இரைத்தது.

குழியின் ஓரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் பாதி வீடு நின்றது. மீதிப் பாதி போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் சரிவோடு கீழே போய்விட்டது. காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் அந்தப் பாதியில்தான் அவள் மகள் படுத்திருந்தாள். ஒன்பது வயது.

அந்த அறைக்கு வெளியே தங்கை அவரைக்காய்த் தோட்டம் போட்டிருந்தாள். அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீரை ஊற்றி ஊற்றியே மண்ணைக் கரைத்துவிட்டாள் என்று அக்கம்பக்கம் பேசியது. புருஷன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பத்து மாதமாகப் பாத்திரம் கழுவக்கூட அவள் குழாயை முழுசாகத் திறப்பதில்லை.

"நான் ஊத்துன தண்ணியாலதானா அண்ணா? தோண்டிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா நம்பறேன்" என்று எத்தனையோ முறை போன் செய்தாள். வேலை, வெளியூர், இடுப்புவலி என்று அவனும் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். இன்று காலை அவன் ஆபீசுக்கே வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் எங்கே ஓடுவது?

தோட்டத்தில் கீழே போகாமல் மிஞ்சியிருந்த மூலையில்தான் தோண்டினான்.

ஐந்தடியில் கிழிந்த சிமெண்டுப் பை வந்தது. ஆறடியில் குழிச்சுவரில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. விரலால் கிளறினான். மக்கிப்போன புல், வேரோடு படுத்திருந்தது. தொட்டால் வழுக்கியது.

சரிவைச் சமமாக்கும்போது மேல் பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப் பக்கம் தள்ளுவார்கள். புல்லைச் செதுக்கிவிட்டுத் தள்ள வேண்டும். எவனோ அவசரத்தில் புல்லின் மேலேயே தள்ளியிருக்கிறான். கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிற மண், ஒரு பெரிய மழைக்காகக் காத்திருந்தது.

தண்ணீரால்தான் என்று சொல்லிவிட்டுக் குழியை மூடலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தான். ஆறு வயதில் கீழே விழுந்து எழுந்து அவனைப் பார்ப்பாளே, அதே முகம்.

"இது கொட்டுன மண்ணும்மா. நீ ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலைன்னாலும் போயிருக்கும். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் ஓவென்று அழுதாள். மகள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டான். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, அந்தக் கறுப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கே கண்ணால பார்த்தாத் தெரியுதே" என்றாள். விரலில் ஒட்டிய கறுப்பைப் புடவையில் துடைத்தாள். "அப்ப, வீடு கட்டறதுக்கு முன்னாடி நீ மண்ணு பார்க்க வந்தியே... அன்னிக்கும் இது இங்கதானே இருந்திருக்கும்?"

"ஒரு குழிதான் தோண்டினேன். மேல, வெட்டுன பக்கத்துல. அங்க கெட்டி மண்ணு."

"மூணுன்னு எழுதிக் கொடுத்தியே."

"ஆமா."

"ஏன் அண்ணா?"

ஊரார் மனைக்கெல்லாம் மூன்று குழி தோண்டியவன் அவன். அன்றைக்கும் இரண்டாவது குழிக்கு இதே இடத்தில்தான் கடப்பாரையை ஊன்றினான். நாலு கொத்துகூடப் போட்டிருக்க மாட்டான். அப்போது ஐந்து வயதாயிருந்த தங்கை மகள் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். மாமா, தூக்கு, தூக்கு என்று ஒரே பிடிவாதம். கடப்பாரையைப் போட்டுவிட்டு அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். இறக்கிவிட்டால் அழுதாள். சரி, நம்ம வீடுதானே என்று இருட்டும்வரை இந்தச் சரிவெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். அன்றைக்கு மாதிரி அவன் சிரித்ததே இல்லை.

தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோம்பேறித்தனம்தான்" என்றான் அண்ணன்.