ஆறு முத்திரை, ஒரு நாள் லீவு

“நாளைக்கா? பாத்துப் பாத்து நாளைக்குத்தான் லீவு கேக்குறியா?”

சட்டப் பிரிவுத் தலைவர் டெங் அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்பது எதிரே நின்ற மெய்ஷியாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு மாவட்ட மன்றத்தின் ஆள்குறைப்புக் குழு கூடுகிறது. சட்டப் பிரிவில் ஒரு பதவியை எடுத்துவிடலாம், அது மெய்ஷியாவின் பதவிதான் என்று டெங் எழுதிக் கொடுத்திருந்தார். ‘அரை ஆள் வேலை. மற்றவர்கள் வேலையோடு வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காரணமும் காட்டியிருந்தார். பத்தொன்பது வருடம் மாடாக உழைத்தவளுக்கு அரை ஆள் பட்டம்! போன கூட்டத்தொடரில் அவர் எடுத்துச் சொன்ன விதி ரத்தாகி இரண்டு வருடமாகிவிட்டது என்று உறுப்பினர்கள் முன்னாலேயே அவள் சொல்லிவிட்டாள். அந்தக் கறுவல்தான் எல்லாம்.

பதவி போனால் மலைமேல் ஏதாவது ஒரு சிற்றூர் அலுவலகத்துக்குத் தூக்கி அடிப்பார்கள். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மகளை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். 

“என்ன, மாட்சு அம்மன் ஊர்வலமா? நடந்தா புண்ணியம்தான், போ!” டெங் தாராளமானார். “ஆனா சட்டப் பிரிவுல இருந்துக்கிட்டு நாமளே விதியை மீறக் கூடாது. உனக்குப் பதிலா பாக்குற ஆளு, என்ன வேலை பாக்கப் போறாருன்னு தன் கையால எழுதித் தன் பேர் முத்திரையை வைக்கணும். அதுக்கப்புறம்தான் நான் வைப்பேன்.”

“வாங்கிட்டு வந்துடறேன் சார்.”

மொத்த வேலையையும் ஏற்றுக்கொள்ள ஒரு ஜீவன்கூடத் தயாராக இல்லை. பக்கத்து மேசை கோ, சோற்று டப்பாவை மூடிவிட்டுக் கும்பிடாத குறையாகச் சொன்னான்.

“அக்கா, உறுப்பினருங்க போனெல்லாம் என் தலையில கட்டிடாதீங்க. மசோதா சரிபாக்குறதை மட்டும் எடுத்துக்கறேன்.”

“சரி, அப்படியே எழுதிடு.”

வேறெதுவும் தன் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கோ, ‘மூன்று மசோதா, எண்பது பக்கம், நாள் முழுக்கப் பிடிக்கும், வேறு வேலை ஏற்க இயலாது’ என்று எழுதி முத்திரை குத்தினான்.

செயலகத்துப் பெங் அம்மாள் சந்தேகமாகக் கேட்டாள். “போன் ஒரு நாளைக்கு எத்தனை வரும் மெய்ஷியா?”

“நாப்பதுக்குக் குறையாது.”

“அடி ஆத்தாடி! அப்ப அதோட என்னை விட்டுடு.” ‘நாற்பது அழைப்பு, சாப்பிடவும் நேரமிராது’ என்று அவள் எழுதினாள்.

மனுக்களைப் பார்க்க இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய பதிலுக்கு ஒருவர். திருத்தங்களைச் சட்டப் புத்தகத்தில் ஏற்ற இன்னொருவர். முகம் கோணாமல் எழுதியவர் ஒருவருமில்லை.

கோவுக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடி வந்தான்.

“உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கழுத்தை அறுக்கப் போற அன்னிக்குப் போய் யாராவது லீவு போடுவாங்களா? அந்த ஆளு உள்ளே பாட்டுப் பாடிக்கிட்டிருக்காரு!”

“பாடட்டும் கோ.”

லீவுத் தாளைப் பார்த்த டெங் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஒரு நாளுக்கு ஆறு பேரா? நல்லாப் பொறுக்கி வச்சிருக்கேன் சோம்பேறிங்களை!” எங்கே அவள் மனசு மாறிவிடுவாளோ என்று, ஒரு வரிகூடப் படிக்காமல் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். “சந்தோஷமா போயிட்டு வா.”

மறுநாள் குழுவின் முன் டெங் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

“அரை ஆள் வேலைதாங்க. அது அந்தம்மாவுக்கே தெரியும். அதான் பேசக்கூட வராம இன்னைக்கு லீவு...”

பேசியபடியே திரும்பியவர் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே மெய்ஷியா உட்கார்ந்திருந்தாள். அவர் வாய் திறந்தபடியே நின்றது.

“உன் தரப்பைச் சொல்ல அஞ்சு நிமிஷம் தரேன்மா,” என்றார் குழுத் தலைவி யூன்.

“பேச ஒண்ணுமில்லீங்க. ஒரே ஒரு தாள் கொடுத்திருக்கேன்.”

யூன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். எண்பது பக்கத்தைக் கேட்டு ஒருவர் புருவத்தைத் தூக்கினார். ‘சாப்பிடவும் நேரமிராது’ வந்ததும் அறையே சிரித்தது. ஆறாவது வரியை முடித்துவிட்டு அவர் தாளைத் திருப்பிக் காட்டினார்.

“அரை ஆள் வேலையை ஒரு நாள் சமாளிக்க ஆறு ஆளு. ‘இந்த ஏற்பாடு அவசியம் என உறுதி செய்கிறேன்’னு படிவத்துல அச்சடிச்சிருக்கிற வரிக்குக் கீழே ஒரு முத்திரை. இது உங்களுதுதானே டெங்?”

டெங்கின் காது மடல் சிவந்தது.

பத்தே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. மெய்ஷியாவின் பதவி அப்படியே இருக்கும். கூடவே அவளுக்கு உதவியாக ஒரு புதுப் பதவியும் உண்டு. அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

“ஆமா, இதுல நாளும் இன்னைக்குத்தானே போட்டிருக்கு? நீ லீவுல இல்ல இருக்கணும்?” என்றார் யூன்.

“காலையில எட்டு மணிக்கே ரத்து பண்ணிட்டேங்க,” என்றாள் மெய்ஷியா. “லீவு யாருக்குங்க வேணும்? எனக்கு அந்தத் தாளுதான் வேண்டியிருந்தது.”