வாசல் பக்கத்து டீ மேசை

"வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஊர்க்கதை பேச இது சந்தைக் கடை இல்ல, மியூரியல். அந்த டீ மேசையைப் பின்னாடி சமையலறைக்கு மாத்து."

டெஸ்மண்ட் இதைச் சொன்னது பதினோராவது முறை. ஹாலோபி ஊர் மண்டபத்து வாசலில் இருபத்திரண்டு வருடமாக டீ ஊற்றும் மியூரியல், பதினோராவது முறையாக அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இங்க நின்னாத்தான் நாலு முகத்தைப் பார்க்க முடியுது. வீட்டுல சுவரைத்தான் பார்க்கணும். நான் மாட்டேன்."

இருநூறு பேர் கூடுகிற எந்த இடமும் தீவிரவாதத் தாக்குதலைச் சமாளிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் புதுச் சட்டம் போட்டாலும் போட்டார்கள், டெஸ்மண்டைக் கையில் பிடிக்க முடியவில்லை. பஸ் டிப்போவில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு நாலு வருடமாக அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. இப்போது மண்டபக் கமிட்டி அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டது. கழுத்தில் எப்போதும் விசில். கழிப்பறைக் கண்ணாடியில் முகம் தெரியாத அளவுக்கு அறிவிப்புகள்.

சோதித்துப் பார்க்க ஓர் ஆளுக்கும் ஏற்பாடு செய்தார். முன்னாள் போலீஸ்காரர். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து மண்டபத்துக்குள் ஒரு பெட்டியை வைக்கப் பார்ப்பார். எந்த நாள், என்ன வேஷம் என்பது டெஸ்மண்டுக்கே தெரியாது.

"அவரை உள்ள விடுறது யாரா இருந்தாலும், அன்னிக்கே கமிட்டியை விட்டுப் போயிடணும்" என்று தீர்மானமும் போட வைத்தார். மியூரியலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, பெரியவர்களுக்கான மதிய விருந்து. கறுப்பு கோட்டு போட்ட ஒருவரையும் டெஸ்மண்ட் சோதிக்காமல் விடவில்லை. சர்ச்சில் டிரம்பெட் வாசிப்பவரை நிறுத்தி, பெட்டியைத் திறந்து ஊதிக் காட்டச் சொன்னார். பாவம், அவரும் ஊதிக் காட்டினார்.

அப்போதுதான் பளிச்சென்ற மஞ்சள் சட்டையும், கையில் ஏதோ படிவமும், காலடியில் ஒரு பெரிய பெட்டியுமாக ஒருவர் வந்து நின்றார்.

"தீயணைப்பு சிலிண்டர் எல்லாம் செக் பண்ணணும்."

"அதை எப்பவும் பார்க்கிற பாரியோட மகன் போன மாசம்தானே வந்துட்டுப் போனான்?" என்றார் மியூரியல். "நீ யாரு கண்ணு? எந்த ஊரு? யாரு அனுப்பினா? பெட்டியில என்ன? டீக்கு எத்தனை சர்க்கரை?"

"மியூரியல்!" டெஸ்மண்ட் ஓடி வந்தார். மஞ்சள் சட்டையையும் படிவத்தையும் பார்த்ததுமே அவருக்கு டிப்போ ஞாபகம் வந்து மனசு குளிர்ந்துவிட்டது. "பிஷப்பையே பத்து நிமிஷம் வாசல்ல நிக்க வச்சவ நீ. வேலையா வந்தவரையாவது விடு. உள்ள போய் கேக்கை வெட்டு, போ."

மியூரியல் டீ வடிகட்டியை மேசையில் வைத்துவிட்டு சமையலறைக்குப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவ வாய் சும்மா இருக்காது" என்று மன்னிப்புக் கேட்டு, மண்டபம் முழுவதையும் அவருக்குச் சுற்றிக் காட்டினார் டெஸ்மண்ட். "பின்கதவுப் பூட்டு நம்பர் ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. ஞாபகம் வச்சுக்க சுலபம்."

"மேடைக்கு அடியில வேலை இருக்கு சார். ஆனா இந்த இடுப்பு வலியோட பெட்டியைத் தூக்க..."

"நான் எதுக்கு இருக்கேன்?"

மூச்சு வாங்கத் தூக்கிப் போய் மேடைக்கு அடியில் தள்ளினார். அங்கிருந்த சின்னக் கதவைப் பூட்டினார். "இனிமே ஒருத்தரும் தொட முடியாது. நீங்க நிம்மதியா சாப்பிட்டு வாங்க!"

வியாழன் மாலை கமிட்டி கூடியது. முதலில் சோதனை முடிவு. அடுத்து, டீ மேசையை மாற்றச் சொல்லும் டெஸ்மண்டின் தீர்மானம். தலைவி ஹிலரி அந்த முன்னாள் போலீஸ்காரர் அனுப்பிய கடிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"செவ்வாயன்று மஞ்சள் சட்டையில் வந்தேன். வாசலில் டீ கொடுக்கும் அம்மாள் அரை நிமிடத்தில் ஐந்து கேள்வி கேட்டார். நான்குக்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பிப் போகவே நினைத்தேன். அதற்குள் உங்கள் ஆள் ஒருவர் என்னை உள்ளே அழைத்துப் போய், பின்கதவுப் பூட்டின் எண்ணைச் சொல்லி, பெட்டியைத் தாமே சுமந்து மேடைக்கு அடியில் வைத்தார். உள்ளே இருந்தது எட்டு செங்கல். பெயர் குறிப்பிடுவது என் வழக்கமில்லை."

ஒரே சிரிப்பு. டெஸ்மண்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"யாருப்பா அந்தப் புண்ணியவான்?" என்றார் கமிட்டி உறுப்பினர் ராட்னி, சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்தபடி. "தீர்மானம் இருக்குல்ல, இன்னிக்கே வழியனுப்பிடலாம்."

ஹிலரி திரும்பினார். "மியூரியல், நீங்கதானே வாசல்ல இருந்தீங்க? அவரைக் கூட்டிட்டுப் போனது யாரு?"

டெஸ்மண்ட் விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார். நாளையிலிருந்து அவரும் வீட்டுச் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

"தெரியலியே" என்றார் மியூரியல். "நான் உள்ள கேக் வெட்டிக்கிட்டிருந்தேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த மண்டபத்தில் மியூரியலுக்குத் தெரியாமல் நடந்தது அது ஒன்றுதான். கமிட்டியும் நம்பிவிட்டது.

"சரி, அடுத்தது டீ மேசை" என்றார் ஹிலரி.

"வேண்டாம்..." என்றார் டெஸ்மண்ட். வெட்கத்தில் காது வரை சிவந்திருந்தது. "மேசை வாசல்லயே இருக்கட்டும். அதை யாரும் அசைக்கக் கூடாது."

கூட்டம் முடிந்ததும் மியூரியல் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். டெஸ்மண்டின் கோப்பையை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் குனிந்தார்.

"உனக்கு ஒரு சர்க்கரை கூடவே போட்டிருக்கேன்" என்றார் காதோடு. "எட்டு செங்கல்லாச்சே... இடுப்பு எப்படி இருக்கு?"